பச்சோந்திக் கூட்டில் உயிர்ப்பூச்சி: கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எது பொருந்தும்?

அசையாத இரையைப் பச்சோந்தி பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. கண் முன்னால் ஏதாவது ஊர வேண்டும், காலை உதற வேண்டும். அப்போதுதான் தனித்தனியே சுழலும் அதன் இரண்டு கண்களும் ஒரே இடத்தில் நிலைகொள்ளும், நாக்கு பாயும். ஆகவே பச்சோந்தி வாங்குகிறவர் இன்னொரு வளர்ப்புக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். சுவர்க்கோழி, கரப்பான், புழு என்று உயிர்ப்பூச்சிகளை வீட்டில் வைத்து, ஊட்டி, சுத்தம் செய்து, கணக்காகக் கூட்டுக்குள் விடும் வேலை அது. பச்சோந்தி நன்றாக இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் இந்த வேலைதான் தீர்மானிக்கிறது.

இதற்கான வழிகாட்டிகள் நிறைய இருந்தாலும், பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. குளிர்காலம் உள்ள ஊரில், மூடிய அறையில், செயற்கை விளக்கின் கீழ் வளரும் விலங்கை மனத்தில் வைத்து எழுதியவை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் பால்கனியிலும் கிள்ளான் தரைவீட்டின் முற்றத்திலும் நிலைமை வேறு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில், பகலில் 33 பாகை, இரவில் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஆண்டு முழுதும் ஈரக்காற்றில் வாழ்கிறோம். எறும்பும் ஏடிஸ் கொசுவும் கொசுப்புகையும் நமக்கு அன்றாடம். வெளிநாட்டு அறிவுரைகளில் எதை அப்படியே ஏற்கலாம், எதை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் சட்டம்

மலேசியக் காடுகளில் பச்சோந்தி இல்லை. வேலியோரம் கழுத்து சிவந்து நிற்பது ஓணான். இங்கே வளர்ப்புக்கு வருபவை ஏமனையும் சவூதியையும் தாயகமாகக் கொண்ட முக்காட்டுப் பச்சோந்தி, மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி போன்றவை. பச்சோந்தி இனங்களில் ஏறக்குறைய எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்பாட்டின் பட்டியல்களில் உள்ளன. அவற்றின் அனைத்துலக வணிகத்தை மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் சட்டம் 686 கட்டுப்படுத்துகிறது. தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. வாங்கும் முன் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவிடம் விசாரித்து, விற்பவரிடம் ஆவணம் கேட்டு வாங்குங்கள். ஆவணம் தர முடியாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

எந்தப் பூச்சி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் எளிதாகக் கிடைப்பது சுவர்க்கோழி. செங்கெரிக் என்ற மலாய்ப் பெயரில் பறவைக் கடைகளிலும் அரோவானா மீன் கடைகளிலும் விற்கிறார்கள். மாவுப்புழுவும் பெரும்புழுவும் அதே கடைகளில் உண்டு. டூபியா கரப்பானைத் தனியாக வளர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். படைவீர ஈயின் புழு இன்று மலேசியாவில் கழிவு மேலாண்மைக்காகவும் தீவனத்துக்காகவும் பெருமளவில் வளர்க்கப்படுகிறது.

இவற்றின் சத்தை அளந்து வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஃபின்கே. 2002இல் அவர் வெளியிட்ட அளவீடுகளின்படி, வளர்ந்த சுவர்க்கோழி ஒரு கிலோவில் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 2,950 மில்லிகிராம். ஒன்றுக்கு ஏழு. மாவுப்புழுவில் இது ஒன்றுக்குப் பதினேழு வரை போகிறது. ஊர்வனவற்றுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறான கணக்கு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் குறைந்தது ஒரு பங்கு, இரண்டு பங்கு இருந்தால் நல்லது. ஃபின்கே 2013இல் அளந்த படைவீர ஈயின் புழுவில் மட்டும் இந்தக் கணக்கு சரியாக அமைந்திருந்தது. ஒரு கிலோவில் 9,000 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம். பாஸ்பரஸைவிட இரு மடங்குக்கும் அதிகம். ஆனால் அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதி புழுவின் தோலில் இருக்கிறது. பச்சோந்தி மெல்லாமல் விழுங்கினால் எல்லாம் உடம்பில் சேராது.

கொழுப்பையும் பார்க்க வேண்டும். சுவர்க்கோழியில் சுமார் 7 விழுக்காடு, மாவுப்புழுவில் 13, பெரும்புழுவில் 18, மெழுகுப்புழுவில் 25. பட்டுப்புழுவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே சுவர்க்கோழியோ கரப்பானோ அன்றாட இரையாக இருக்கட்டும். படைவீர ஈயின் புழுவையும் கிடைத்தால் பட்டுப்புழுவையும் இடையிடையே கொடுக்கலாம். பெரும்புழுவும் மெழுகுப்புழுவும் எப்போதாவது போதும்.

அளவு எளிது. பச்சோந்தியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை இரை தாண்டக் கூடாது. குஞ்சுக்குத் தினமும் உணவு, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. பெண் முக்காட்டுப் பச்சோந்திக்கு இதில் தாராளம் காட்டக் கூடாது. சூடான இடத்தில் நிறையத் தின்னும் பெண், ஆண் துணை இல்லாமலே பெரும் எண்ணிக்கையில் முட்டை கட்டி உடல் இற்றுப்போகும். நம் ஊரில் சூடு எப்போதும் உண்டு. குறைக்கக்கூடியது உணவு ஒன்றுதான்.

பூச்சியின் வயிறுதான் பச்சோந்தியின் தட்டு

கடையிலிருந்து வரும் சுவர்க்கோழி பெரும்பாலும் பட்டினியோடு வருகிறது. அதை அன்றே கூட்டில் விட்டால் பச்சோந்திக்குக் கிடைப்பது வெறும் ஓடு. வாங்கிய பூச்சிக்கு ஒன்றிரண்டு நாள் நல்ல உணவு கொடுத்து, அதன் குடல் நிறைந்திருக்கும்போது இரையாக்குவதுதான் முறை. ஆலனும் ஆஃப்டெடாலும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, கால்சியம் செறிந்த தீவனத்தை முன்கூட்டியே ஊட்டினால் சுவர்க்கோழி வழியாகச் செல்லும் கால்சியம் உயரும் என்று காட்டியது. கீரை மட்டும் அந்த அளவுக்கு எட்டாது. அரைத்த தானியத்தில் கால்சியம் கார்பனேட் கலந்த உலர் தீவனமும் வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு வசதி அதிகம். பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையைச் சுற்றியும் கிள்ளானின் தெங்கு கெலானா சாலையிலும் முருங்கைக்கீரை கிடைக்கிறது. கால்சியம் மிகுந்த கீரைகளில் அது ஒன்று. கடுகுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, பூசணி, கேரட், பப்பாளி ஆகியவையும் ஏற்றவை. பசலையையும் தண்டுக்கீரையையும் குறைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் கீரையானாலும் நன்றாகக் கழுவிய பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். இலையில் ஒட்டிய மருந்து முதலில் பூச்சியைக் கொல்லும். சாகாமல் தப்பிய பூச்சி அதைப் பச்சோந்திக்குக் கொண்டுபோகும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் சுவர்க்கோழி விழுந்து சாகும். கேரட் துண்டும் பூசணித் துண்டுமே அதன் தாகத்துக்குப் போதும். இந்த ஈரக்காற்றில் காய்த்துண்டு ஒரே நாளில் பூசணம் பிடித்துவிடும் என்பதால் தினமும் மாற்றுவது கட்டாயம். உலர் தீவனத்தைக் காற்றுப் புகாத டின்னில் வைத்து, சிறிது சிறிதாக எடுத்துப் போடுங்கள்.

பொடி: சூரியன் இருக்கும் ஊரின் கணக்கு

இரையின் மேல் கால்சியப் பொடி தூவுவது எல்லா வழிகாட்டியும் சொல்வது. அது தேவையும்கூட. 2010இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, முக்காட்டுப் பச்சோந்திக் குஞ்சுகளின் எலும்புநோயைத் தடுக்கக் கால்சியம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி3 மூன்றும் புறஊதா ஒளியோடு சேர்ந்து வேண்டும் என்று காட்டியது. கால்சியம் குறையும்போது வளர்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வளைந்த கால் அல்ல. நாக்கு இரையை எட்டாமல் பாதியில் விழும், அல்லது எட்டியும் இழுக்க வலுவில்லாமல் தொங்கும். தசை இயங்கவும் கால்சியம் வேண்டும் என்பதால் அது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. கால் வளையும்வரை காத்திருக்கக் கூடாது.

டி3 விஷயத்தில் வெளிநாட்டு அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியாது. சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்து கேரி ஃபெர்குசனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள், உணவில் டி3 குறைந்தால் பச்சோந்தி தானாகவே வெயிலில் அதிகம் நிற்கிறது, கூடினால் விலகுகிறது என்று கண்டன. காலை வெயில் நேரே விழும் கோலாலம்பூர் பால்கனியில் அந்தத் தேர்வு பச்சோந்திக்கு உண்டு. அதன் பொடியில் டி3 அடிக்கடி வேண்டியதில்லை. வலைக்கூட்டில் வெயிலும் நிழலும் இரண்டும் இருக்க, டி3யும் பாஸ்பரசும் இல்லாத கால்சியப் பொடியை ஒவ்வொரு வேளைக்கும் மெல்லத் தூவி, டி3யும் வைட்டமின் ஏயும் சேர்ந்த பொடியை மாதம் இருமுறைக்கு மிகாமல் கொடுப்பது பாதுகாப்பானது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் விழும் வெயில் கணக்கில் சேராது; டி3 உண்டாக்கும் புறஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் விளக்கு கட்டாயம்.

திறந்து விடுவதா, கிண்ணத்தில் வைப்பதா?

வளர்ப்பவர்களிடையே அதிகம் வாதிடப்படும் கேள்வி இது. ஒரு தரப்பு பூச்சியைக் கூட்டுக்குள் திறந்து விடச் சொல்கிறது. பச்சோந்தி நடக்கும், தேடும், குறிபார்க்கும். உடம்பும் மனமும் இயங்கும். மற்றொரு தரப்பு கிண்ணம்தான் சரி என்கிறது. மூன்றாவது தரப்பு கூட்டின் அடியில் மண்ணும் சருகும் இட்டு, சிறு உயிர்களைக் குடியமர்த்தி, மிஞ்சிய பூச்சியை அந்த மண்ணின் வாழ்வுக்கு விட்டுவிடச் சொல்கிறது.

திறந்து விடும் முறையின் நன்மை உண்மையானது. காட்டில் பச்சோந்தி கிண்ணத்திலா தின்கிறது என்ற கேள்விக்கு மறுப்பில்லை. ஆனால் காட்டில் இரைக்கும் தப்பிக்க இடம் உண்டு. இரண்டடி அகலக் கூட்டில் தின்னப்படாத பூச்சிக்குப் போக்கிடம் இல்லை. அது என்ன செய்கிறது என்று கவனித்தால் வாதம் தெளிவாகும்.

சுவர்க்கோழி காலையில் இலைக்கடியில் ஒளிகிறது. தன் காலாலும் வாயாலும் உடம்பைத் துடைத்துத் துடைத்து, தூவிய பொடியைச் சில மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்த்துவிடுகிறது. ஒரு நாளுக்குள் குடலும் காலி. அதாவது மறுநாள் பச்சோந்தி பிடிக்கும் பூச்சி, முந்தின நாள் நாம் பாடுபட்டுத் தயாரித்த பூச்சி அல்ல. பசித்த பூச்சி கூட்டின் அடியில் கிடக்கும் எச்சத்தைக் கொறிக்கிறது. பச்சோந்தியின் குடலில் ஊசிப்புழு இருந்தால் முட்டைகள் அந்த எச்சத்தின் வழியே பூச்சிக்கும், பூச்சியின் வழியே மீண்டும் பச்சோந்திக்கும் போகும். மருந்து கொடுத்தும் நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். இரவு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. பச்சோந்தி இருட்டியதும் கிளையைப் பற்றிக்கொண்டு அசையாமல் தூங்கும். சுவர்க்கோழிக்கு அதுதான் விழித்திருக்கும் நேரம். பசித்த சுவர்க்கோழி தூங்கும் பச்சோந்தியின் விரலையும் வால் நுனியையும் கண் இமையையும் கடிக்கும். காலையில் விரலில் சிறு புண், ஒரு கண் மூடியபடி இருப்பது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைக் கண்டால் முதலில் கூட்டுக்குள் பூச்சி மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள்.

மண்ணிட்ட கூட்டுக்கும் இதே தடை உண்டு. வால்துள்ளிப் பூச்சியும் மரப்பேனும் மண்ணைச் சுத்தம் செய்யும், உண்மைதான். ஆனால் சுவர்க்கோழி அந்த மண்ணில் முட்டையிட்டுப் பெருகும். இங்குள்ள வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும்.

கிண்ணம் இந்தக் குறைகளைத் தீர்க்கிறது, ஆனால் செய்யும் விதத்தில் செய்தால் மட்டும். உயரமான, ஒளி புகாத, வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா போதும். பச்சோந்திக்கு எதிரேயுள்ள உள்சுவரில் மட்டும் சிறு துண்டு வலையை ஒட்டினால் பூச்சி அதில் ஏறிக் கண்ணில் படும்; விளிம்புக்குச் சற்றுக் கீழே வலையை நிறுத்திவிட்டால் வெளியேறாது. டப்பாவைத் தரையில் வைக்கக் கூடாது. பச்சோந்தி வழக்கமாக நிற்கும் கிளைக்கு அருகே, அதன் உடல் நீளத் தொலைவுக்குள், சற்றுக் கீழே கட்ட வேண்டும். உள்ளே ஒரு கேரட் துண்டு. டப்பா ஓரிரு நாள் அது வரும் வழியிலேயே இருந்தால் பெரும்பாலான பச்சோந்திகள் பழகிவிடும். பழகாததற்கு முதலில் பச்சைப் புழு போன்ற கண்ணைக் கவரும் இரையைப் போடுங்கள்.

கோலாலம்பூரில் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஏழு, ஏழரை மணிக்கு விடிந்து அதே கணக்கில் இருட்டுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு அதனால் ஒரே அட்டவணை எல்லா மாதமும் பொருந்தும். காலையில் பச்சோந்தி வெயில் காய்ந்தபின் கிண்ணத்தில் எண்ணிப் போடுவது. மாலை ஆறு மணிக்குள் மிஞ்சியதை எண்ணி எடுப்பது. வேட்டைக்கான தேவையை விடுமுறை நாளில் தீர்க்கலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொன்றாக இலையில் விட்டு, ஒன்று தின்றபின் அடுத்தது.

எறும்பு, கொசு, புகை

வெளிநாட்டு வழிகாட்டிகள் தொடாத பகுதி இது. இங்கே இதில்தான் அதிகம் இழக்கிறோம்.

சுவர்க்கோழிப் பெட்டியில் தானியமும் இறந்த பூச்சியும் இருக்கின்றன. எறும்பு தேடி வரும். ஒரே இரவில் முழுப் பெட்டியையும் காலி செய்யும், கூட்டுக்குள் ஏறித் தூங்கும் பச்சோந்தியையும் கடிக்கும். வழக்கமான வீட்டுத் தீர்வுகள் இரண்டும் இங்கே ஆபத்தானவை. எறும்புக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியிலும் தெளிப்பானிலும் இருப்பது பூச்சிக்கொல்லி. இரையையும் சேர்த்தே கொல்லும். மேசைக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழக்கமோ ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. கிண்ணத்தில் சோப்புநீர் விட்டு அடிக்கடி மாற்றுவது, அல்லது காலைச் சுற்றி வாசலினைப் பட்டையாகத் தடவுவது நல்லது.

கொசு இந்த வளர்ப்பின் பொதுப் பொறுப்பு. பச்சோந்தி தேங்கிய நீரைக் குடிக்காது. இலையில் சொட்டும் துளியை நக்கும். அதனால் நாளும் நீர் தெளிக்கிறோம், சொட்டுநீர் வைக்கிறோம், அடியில் தட்டு வைக்கிறோம். அந்தத் தட்டும் செடிச் சட்டியின் சாசரும் ஒரு வாரம் கவனிக்கப்படாமல் இருந்தால் போதும், கொசு பறக்கும். மலேசியாவில் 2019இல் 130,000க்கும் மேற்பட்ட டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. சிலாங்கூர்தான் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டின் சட்டம் 154, வீட்டில் கொசுப்புழு வளர விட்டவருக்குத் தண்டம் விதிக்கிறது. வடிகால் வாளியை நுண்வலையால் மூடுங்கள், தினமும் கொட்டுங்கள், வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழுக் கொல்லி மருந்தைக் கூட்டின் தட்டில் போட வேண்டாம்.

டிங்கி வந்த வட்டாரத்தில் புகை அடிப்பார்கள். அது பூச்சிக்கொல்லி என்பதால் பச்சோந்தியும் பூச்சிப் பெட்டியும் உள்ளறைக்குப் போக வேண்டும், ஜன்னல் அடைபட வேண்டும். புகை ஓய்ந்த பிறகு கூட்டையும் இலைகளையும் தண்ணீரால் நன்கு அலசிவிட்டுத் திருப்பி வையுங்கள். அதைவிட முக்கியமான எச்சரிக்கை மறுநாளுக்கானது. கால்வாயிலிருந்து மயங்கித் தள்ளாடி வெளியே வரும் கரப்பான் மெதுவாக நகரும். பச்சோந்திக்கு அதைவிட எளிய இரை இல்லை. அது ஒன்று கூட்டுக்குள் போனாலே விஷம். வீட்டுக்குள் எரியும் கொசுவர்த்தியும் மின்கொசுவிரட்டியும் இதே வகை மருந்து. மாலையில் சாம்பிராணி போடும் வீடுகளில் பச்சோந்தியின் நுரையீரலுக்காகவாவது கூட்டை வேறு அறையில் வையுங்கள்.

வெளியே பிடித்த பூச்சி

வயலிலும் தோட்டத்திலும் பிடித்த வெட்டுக்கிளி சத்தானது, வகைமாற்றமும் தரும். ஆனால் கிள்ளானைச் சுற்றிய செம்பனைத் தோட்டங்களிலும் சாலையோரப் புல்லிலும் களைக்கொல்லி அடிக்கப்படுகிறது. பாராகுவாட் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டாலும் மற்ற மருந்துகள் தொடர்கின்றன. யார் மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும் இடத்தில் பிடித்தாலொழிய வேண்டாம். மின்மினியைக் கொடுக்கவே கூடாது. அமெரிக்க மின்மினிகளில் உள்ள நச்சு, ஒரே ஒரு பூச்சியை விழுங்கிய தாடிப்பல்லியையும் கொன்றிருக்கிறது. மின்மினி பார்க்கக் கோலாசிலாங்கூர்ப் பக்கம் போய்வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்து பூச்சி மட்டும் அல்ல: வீட்டுப்பல்லியும் பூச்சிப் பெட்டிக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளை விட்டுப் போகக்கூடும். சுவர்க்கோழி நைலான் வலையைக் கடித்து ஓட்டை போடும் என்பதால் பெட்டியின் மூடிக்கு உலோக வலை போடுங்கள்.

வீட்டிலேயே வளர்க்கலாமா?

இங்குள்ள வெப்பத்தில் சுவர்க்கோழி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும், சூடேற்றி தேவையில்லை. கெடுப்பது ஈரம். முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, இரண்டு பக்கமும் காற்று போக வழிவிட்டு, நனைந்த அட்டையை அன்றே மாற்ற வேண்டும். அமோனியா வாடை வந்தால் நெரிசல் என்று பொருள். வளர்ந்த ஆண் இரவெல்லாம் கத்தும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரின் தூக்கமும் நம் பொறுப்பு. கரப்பான் கத்தாது, ஆனால் குளிர்நாட்டில் தப்பிய வெளிநாட்டுக் கரப்பான் குளிரில் சாகும். இங்கே பிழைத்துப் பெருக எல்லாம் உண்டு. மூடி இறுக்கமில்லாத வீட்டில் அதை வளர்க்கக் கூடாது. ஒரே ஒரு பச்சோந்தி வைத்திருப்பவருக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வாங்கி, ஊட்டித் தேற்றிக் கொடுப்பதே போதுமானது.

இரைப் பூச்சியும் ஓர் உயிர். அதைப் பட்டினி போட்டு, நெரிசலில் வைத்து, தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்வது பச்சோந்திக்கும் நன்மை செய்வதில்லை. பூச்சிக்கு நல்ல உணவும் காற்றும் இடமும் கொடுப்பவரின் பச்சோந்திதான் நலமாக இருக்கிறது.

முடிவு

எல்லாத் தரப்பையும் எடுத்துப் பார்த்தபின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பொருந்தும் தீர்ப்பு இது: அன்றாட உணவு கிண்ணத்தில், வேட்டை நம் கண் முன்னால் மட்டும், பொழுது சாயும்முன் கூட்டுக்குள் ஒரு பூச்சியும் மிஞ்சக் கூடாது. கால்சியப் பொடி எப்போதும், டி3 அரிதாக. தேங்கிய நீர் எங்கும் இல்லை, பூச்சிக்கொல்லி எதுவும் இல்லை. நாக்கு தடுமாறினாலோ, பச்சோந்தி சில நாள் தொடர்ந்து இரையை மறுத்தாலோ, வீட்டு வைத்தியம் செய்யாமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. தினமும் காலையும் மாலையும் பூச்சிகளை எண்ண நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பச்சோந்தி வாங்க வேண்டாம்.